ஆடியில் ஏற்றி மார்கழியில் போட: உடம்புக்குப் பொருந்தும் கார்டிகன் பின்ன ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறேன் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் எதற்கு என்று கேட்பார்கள். கத்திரி வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று எங்கள் ஊருக்கு ஒரு பட்டியலே உண்டு. "குளிரில்லாத ஸ்வெட்டரையும் அதுல சேத்துக்கோ" என்பார் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆனால் மார்கழி பிறந்தால் முதலில் மஃப்ளரைத் தேடுகிறவரும் அவர்தான். வயது 74. விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழியோரம் நடந்தே ஆக வேண்டும். வெளியே 18 டிகிரி இருந்தால் அவருக்கு அது ஊட்டி. கடையில் வாங்கிய ஸ்வெட்டர் எதுவும் அவருக்குச் சரியாக உட்கார்ந்ததில்லை. முப்பது வருஷம் ஒரே தோளில் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போனதில் இடது தோள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ரெடிமேட் தைப்பவனுக்கு அது தெரியாது. அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான் நான் ஊசியை எடுத்தேன். கீழே உள்ள எண்கள் எல்லாம் அவர் உடம்புக்கானவை. கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு ஆளின் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள். நிட், பர்ல் என்ற அடிப்படைப் பின்னல் இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு

ஊசியில் இருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று சொல்லுவோம். மார்பு 96 செ.மீ. உள்ள ஓர் ஆளுக்கு, 8 ப்ளை என்ற நடுத்தரத் தடிமன் நூலில், ஒரு முழுக்கை கார்டிகனுக்கு, அதாவது முன்னால் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டருக்கு, ஏறத்தாழ 65 ஆயிரம் கண்ணி ஆகும். பயப்பட வேண்டாம். புதிதாகப் பின்னுகிறவர்கூட நிமிஷத்துக்குப் பதினைந்து போடலாம். தினம் அரை மணி நேரம் என்றால் 450 கண்ணிக்கு மேல் ஓடும். 145 நாளுக்குள் பின்னல் முடிந்துவிடும்.

ஆடி முதல் தேதி ஊசியில் கண்ணி ஏற்றினால் மார்கழி முதல் தேதிக்கு 150 நாளுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. மீதமுள்ள ஒரு வாரம் நனைக்க, காயவைக்க, தைக்க, முக்கியமாகப் பிரிக்க. ஐப்பசியில் ஆரம்பித்து "ரெண்டு மாசத்துல முடிச்சிடுவேன்" என்பவர்கள் அடுத்த மார்கழிக்குத்தான் முடிப்பார்கள். நானும் ஒரு தடவை அப்படி முடித்தவள்தான்.

நூலும் ஊசியும்

உள்ளூர்க் கடைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும், துவைக்கச் சுலபம். குழந்தைக் குல்லாவுக்கு அது போதும். ஆனால் தோளும் அக்குளும் கச்சிதமாக உட்கார வேண்டிய உடுப்புக்கு அசல் கம்பளியோ, பாதிக்கு மேல் கம்பளி கலந்த நூலோதான் சரி. நனைத்து இழுத்து வைத்த வடிவத்தில் கம்பளி நிற்கும், அக்ரிலிக் நிற்காது. லூதியானா நூல் ஆன்லைனில் கிடைக்கிறது. 8 ப்ளையில் 500-லிருந்து 600 கிராம் வரை வேண்டும். லேபிளில் சாயத் தொகுதி எண் இருக்கும். எல்லாப் பந்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பந்து கூடுதலாகவே வாங்குங்கள். இரண்டு தொகுதி நீலம் ட்யூப் லைட்டில் ஒன்றாகத்தான் தெரியும். காலை வெயிலில் இடது கை வேறு, வலது கை வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசிக்கு வெளியூர் அலைய வேண்டாம். நீலகிரி கேத்தியில் செய்கிற போனி ஊசிகளே நன்றாக இருக்கின்றன. எண்ணில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கு, எண் கூடக்கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்குத் தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மி.மீ. வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். நமக்கு 4 மி.மீ. ஒரு ஜோடி, ஓரப் பட்டைகளுக்கு 3.25 மி.மீ. ஒரு ஜோடி, பட்டன் பட்டிக்கு அதே 3.25-இல் நீளமான வயர் ஊசி ஒன்று.

கை வியர்க்கும் ஊரில் அலுமினிய ஊசியில் நூல் ஒட்டும், விரலிலும் சாம்பல் கறை படியும். மூங்கில் ஊசி கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பின்னுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நானும் குதித்திருக்கிறேன். 22 கண்ணிக்கு 10 செ.மீ. என்று புத்தகத்தில் போட்டிருந்ததை நம்பி, 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி என்று முழு உடம்பையும் பின்னினேன். என் கை தளர்வு, எனக்கு 20 கண்ணியிலேயே 10 செ.மீ. வந்துவிடுகிறது. முடித்து அளந்தால் 110. அதற்குள் நைனாவும் அவர் நண்பரும் சேர்ந்து நடக்கலாம்.

4 மி.மீ. ஊசியில் 34 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரம் பின்னி, முடித்து, நனைத்து, காயவைத்து, அதற்கப்புறம் நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். நனைக்காமல் எண்ணியது செல்லாது. 22 கண்ணி, 30 வரிசை வந்தால் என் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். 20 வந்தால் மெல்லிய ஊசி, 24 வந்தால் தடித்த ஊசி. ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே பின்னினால் தளர்வும், கோபத்தில் பின்னினால் இறுக்கமும் வரும். உங்களுக்குத் தினமும் அமையக்கூடிய நேரத்தில் மாதிரியைப் பின்னுங்கள்.

அளவு எடுப்பது

ஆளை அளப்பதோடு, அவருக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அதையும் அளந்துவிடுங்கள். தையல்காரர்கள் சொல்லும் லூஸ் இங்கேயும் உண்டு. சட்டைமேல் போடுகிற கார்டிகனுக்கு மார்பில் 10 செ.மீ. விடலாம். 96 மார்புக்கு முடிந்த அளவு 106.

முதுகுக்குப் பாதி 53 செ.மீ., அதாவது 117 கண்ணி. தையலுக்கு இரண்டு சேர்த்து 119. முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் 55. நடுவில் 3 செ.மீ. பட்டன் பட்டி வரும், அந்த இடத்தைக் கழித்துத்தான் இந்த 55. தோளுக்குத் தோள் 43 செ.மீ., அதற்கு 95 கண்ணி. நீளம் அக்குள்வரை 42, அக்குளிலிருந்து தோள்வரை 23. மணிக்கட்டில் 53 கண்ணி, மேற்கையில் 83.

தோள் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஆளைச் சுவரோரம் நிற்கவைத்து இரண்டு தோளுக்கும் நேராகப் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த இரண்டு கோடும் இன்னும் இருக்கின்றன.

கைகளிலிருந்து ஆரம்பியுங்கள்

வழக்கமாக முதுகில்தான் ஆரம்பிப்பார்கள். ஆடிப் புழுக்கத்தில் அகலமான கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. கை சின்னது, மடி வேகாது. தவறு நடந்தாலும் நஷ்டம் குறைவு. ஒரு கை முடித்து இன்னொரு கை போடும்போது வரும் அலுப்பைத் தவிர்க்க, இரண்டையும் ஒரே ஊசியில் இரண்டு பந்து வைத்துச் சேர்த்தே பின்னுங்கள். நீளம் தானாகவே சமமாகிவிடும்.

3.25 ஊசியில் 53 கண்ணி ஏற்றி ஒரு நிட், ஒரு பர்ல் என்று 6 செ.மீ. ரிப். 4 மி.மீ.க்கு மாறி, எட்டு வரிசைக்கு ஒரு தடவை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். 15 தடவை, 120 வரிசை, 83 கண்ணி. அப்புறம் கையின் தலைப்பகுதி. இரு பக்கமும் ஐந்தைந்து கண்ணியை அடைத்து (பின்னி முடித்து ஊசியிலிருந்து இறக்கி), பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஓரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போங்கள். உயரம் அக்குள் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 15 செ.மீ. வந்ததும் மீதியை அடையுங்கள். வளைந்த ஓரத்தின் நீளம் உடம்பின் அக்குள் வளைவைவிட ஒரு செ.மீ. கூட இருக்கலாம், குறையக் கூடாது.

முதுகு

119 கண்ணி. ரிப் 6 செ.மீ., அதற்கு மேல் அக்குள்வரை ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோடைப் பாலாறு மாதிரி கண்ணுக்கெட்டிய வரை ஒரே பரப்பு. கார்டிகன்கள் பாதியில் நின்றுபோய்ப் பீரோவுக்குள் போவது இந்த இடத்தில்தான்.

நான் கண்டுபிடித்த வழி சின்னது. நேரத்தைப் பார்க்காமல் தினம் நாலு வரிசை. கிழிக்கிற தினசரி காலண்டரில் அன்றைய தாளில் வரிசை எண்ணை எழுதிவிடுவேன். மறுநாள் காலை தாளைக் கிழிக்கும்போது அந்த எண் கையில் வரும். எழுதாத தாளைக் கிழிக்கச் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். விருந்தாளி வந்த நாளில் இரண்டு வரிசை. மறுநாள் ஆறு போட்டு ஈடுகட்ட முயலாதீர்கள். அவசரக் கை இறுகும், துணியில் அது கோடாகத் தெரியும்.

அக்குளில் இரு பக்கமும் ஐந்தைந்து அடைத்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஏழு தடவை குறைத்தால் 95. குறைப்பதை ஓரத்திலேயே செய்யாமல் இரண்டு கண்ணி உள்ளே தள்ளிச் செய்யுங்கள். வரிசையின் தொடக்கத்தில் இடப்பக்கம் சாயும் குறைப்பு, முடிவில் இரண்டைச் சேர்த்து நிட். வளைவை ஒட்டி ஒரு மெல்லிய வரம்பு எழும். நல்ல உடுப்பு என்று தூரத்திலிருந்தே காட்டுவது அந்த வரம்புதான்.

தோள் 30, கழுத்து 35, தோள் 30. சாதாரணத் தோளுக்குப் பத்துப் பத்தாக மூன்று படியில் சரிவு கொடுப்போம், ஒரு படிக்கு இரண்டு வரிசை. நைனாவின் இடது தோளுக்கு ஆறு ஆறாக ஐந்து படி போட்டேன். நாலு வரிசை கூடுதல், 1.3 செ.மீ. இறக்கம். அந்தப் பக்கம் அக்குள் வெட்டையும் நாலு வரிசை முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை நுழையும் வழி சிறுத்துவிடும். முதுகுத் துண்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் அவருடைய இடது உங்களுக்கும் இடது. முன்பக்கத்தில் அது வலது. ஒரு ஊக்கைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். நான் குத்தாமல் விட்டேன்.

பிரிப்பது

எங்கள் மாடி அறையை, சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவோம். நான் ஒன்பதாவது படிக்கும்போது வங்காளத்திலிருந்து ஒரு மாஷி (அம்மாவின் சகோதரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். கணவரின் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் கையில் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது.

எட்டு அங்குலம் பின்னிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் கீழிருந்து மெதுவாக மேலே ஊர்ந்து இரண்டாவது அங்குலத்தில் நின்றது. "கோலோ" என்றார். எனக்குக் கோலம் என்று காதில் விழுந்தது. முழித்தேன். அவரே ஊசியை உருவி, நூல் முனையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று என்னுடைய ஒரு வாரம் அவர் மடியில் சுருள்சுருளாக விழுந்தது. நான் அழுதேன். அவர் பந்தாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்து என் கையில் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார். கோலோ என்றால் அவிழ் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவிழ்ப்பதிலும் முறை உண்டு. தவறு இரண்டு மூன்று வரிசைக்குள் இருந்தால் ஊசியை உருவ வேண்டாம். வலது ஊசியில் இருப்பதை ஒவ்வொரு கண்ணியாக இடது ஊசிக்குத் திருப்பி நூலை விடுவியுங்கள். ஒரே ஒரு கண்ணி நழுவிக் கீழே இறங்கியிருந்தால் குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல் மேலே கொண்டுவந்துவிடலாம். அதற்கும் கீழே போனால்தான் முழுக்க உருவுவது.

அந்தப் பயம் போக, இருபது வரிசைக்கு ஒரு தடவை வேறு நிறத்தில் வழுவழுப்பான பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டி விடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் பிரிப்பு அந்த நூலில் வந்து நிற்கும். திரும்ப ஏற்றும்போது 3.25 ஊசியால் எடுத்தால் கண்ணிகள் சுலபமாக ஏறும், அடுத்த வரிசையை 4-இல் பின்னுங்கள். ஒவ்வொரு கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அது முறுக்கிக்கொள்ளும். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, இரண்டு இடத்தில் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும்.

எல்லாவற்றையும் பிரிக்கவும் கூடாது. தையலுக்குள் மறையப்போகும் ஓரத்தில் ஒரு பர்ல் இடம் மாறியிருந்தால் விட்டுவிடுவேன். கை நீட்டிப் பிடித்தால் கண்ணில் படாதது என்றாலும் அப்படியே. அளவில் தவறு என்றால் மட்டும் இரக்கம் காட்டுவதில்லை. ஊக்குக் குத்தாத புண்ணியத்தில் இறக்கத்தை வலது தோளில் கொடுத்துவிட்டு, அக்குள்வரை 74 வரிசையை ஒரே மாலையில் பிரித்தேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து பந்து சுற்றினார். "எனக்குத்தான் ஒண்ணும் அவசரமில்லையே" என்றார்.

முன்பக்கங்கள்

கைகளைப் போலவே இரண்டையும் ஒரே ஊசியில். அக்குள்வரை இரண்டும் ஒன்றுதான். அதற்கு மேல் ஒன்று மற்றதற்குக் கண்ணாடிப் பிம்பம். தனித்தனியாகப் பின்னினால் இரண்டு இடது பக்கம் வந்து சேரும், எனக்கு வந்திருக்கிறது. அக்குளில் 12 போய் 43. அதே சமயம் கழுத்துப் பக்கம் நாலு வரிசைக்கு ஒன்றாக 13 தடவை குறைத்தால் வி வடிவம் இறங்கும், தோளுக்கு 30 மிஞ்சும்.

நனைப்பதும் சேர்ப்பதும்

துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். குளியல் துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் போதும். பாய் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் அளவு பார்த்துக் குத்துங்கள். கோரைப்பாயில் ஊசி நன்றாக நிற்கும். கார்த்திகை மழையில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் ஆகும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அடுப்பில் வாட்டிய வாழையிலை மாதிரித் துவண்டுவிடும், திரும்ப நிமிராது.

முதலில் தோள்கள். பிறகு கையின் தலை நடுவைத் தோள் தையலோடு பொருத்தி இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். கடைசியாக மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே தையல். வெளிப்பக்கத்தைப் பார்த்தபடி, ஓரக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள குறுக்கிழையை அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டே போய் இழுத்தால் தையல் மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

பட்டன் பட்டி

வயர் ஊசியால் ஓரம் முழுவதும் நாலு வரிசைக்கு மூன்று கண்ணி எடுக்க வேண்டும். நாலுக்கு நாலு எடுத்தால் பட்டி அலையலையாக நெளியும், இரண்டு எடுத்தால் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் 147, பின்கழுத்தில் 35, மறுபக்கம் 147. இறங்கிய தோளில் ஓரிரு கண்ணி முன்பின் இருக்கலாம், பரவாயில்லை. ஒன்பது வரிசை ரிப், நடு வரிசையில் பட்டன் ஓட்டை. கார்டிகன் என்ற பெயரே ஒரு பட்டாளக்காரருடையது. 1854-இல் கிரிமியப் போரில் குதிரைப் படையை நடத்திய ஏழாவது கார்டிகன் பிரபுவின் பெயரால் வந்தது. அதனால்தானோ என்னவோ, ஆண்களுக்கு ஓட்டை இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம் என்ற வழக்கத்தில் இன்னும் கறாராக இருக்கிறார்கள்.

ஆறு பட்டன். அடியில் ஒன்று, வி ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்று, நடுவில் நாலைச் சம தூரத்தில் ஊக்குக் குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு இரண்டு கண்ணி அடைத்து அடுத்த வரிசையில் இரண்டு ஏற்றினால் 18 மி.மீ. பட்டன் போகும். முதலில் இறுக்கமாக இருக்கும், அதுதான் சரி. நாளாக ஆக ஓட்டை நெகிழும்.

மிஞ்சிய நூலில் பத்து கிராமை எண்களெல்லாம் எழுதிய தாளோடு ஒரு கவரில் போட்டு, அந்துருண்டையோடு பீரோவில் வையுங்கள். முதலில் தேய்வது முழங்கைதான். நைனாவுக்கு வலது முழங்கை. நடந்து முடித்து டீக்கடை மேஜையில் ஊன்றிக்கொண்டு பேப்பர் படிக்கிற கை அது.